சோழி வைத்துக் கிரகணம் கணித்தவர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

புதுச்சேரி,
ஐப்பசி 12.

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு நீயே கைப்பட எழுதிய முதல் கடிதம் அது என்பதை, வரிகள் வலப்பக்கம் ஏறிப் போவதிலிருந்தே கண்டுகொண்டேன். மருத்துவர் விதித்த ஓய்வை நீ மதிக்கவில்லை என்பதும் அதிலிருந்தே தெரிந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. நீ ஒற்றை வரியில் கேட்டிருந்த கேள்வி என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. "காரணம் தெரியாமல் கணக்கை ஒப்பிக்கிறவனுக்கு அறிவு உண்டு என்று எப்படிச் சொல்வாய்? அவனுக்கும் கிளிப்பிள்ளைக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டு தத்துவம் கற்பித்தவன் அப்படித்தான் கேட்பான். முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்துவிட்டு ஓய்வுக்காலத்தில் அறிவியல் வரலாற்றுக்குள் நுழைந்த நான், என்னால் முடிந்த பதிலை எழுதுகிறேன்.

நான் இரண்டாண்டுகளாகப் பின்தொடர்ந்து வரும் மனிதர் இதே ஊர்க்காரர் என்பது உனக்குத் தெரியும். 1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்ற ஆங்கில நூலில் ஜான் வாரன் அவரைப் பற்றிச் சொல்கிறார். வாரனின் கதையே தனி. பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தவரான அவர் ஆங்கிலேயரிடம் பணியில் சேர்ந்து, வில்லியம் லாம்டன் நடத்திய தென்னிந்திய நில அளவையில் உழைத்து, 1802இல் கோலார்ப் பக்கத்தில் பொன் கிடைப்பதை ஆராய்ந்து சொல்லி, 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் வகித்தவர். கடைசியில் 1830இல் புதுச்சேரியிலேயே இறந்தார். தென்னாட்டார் நாள் கணிக்கும் முறைகளைத் திரட்ட முற்பட்டபோது இங்கிருந்த ஒரு பஞ்சாங்கக் கணிதரை அவர் அணுகினார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதுகோலும் இல்லை, ஏடும் இல்லை. வாரனின் எழுத்துக்கூட்டலில் அவர் பெயர் 'சாமி நாடன் சஷியா' என்பதுபோல் இருக்கிறது. சாமிநாத சேஷையா என்பதாக இருக்கலாம் என்பது என் ஊகம். அரை நூற்றாண்டுக்கு முன், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இவ்வூரில் காத்திருந்து 1769இல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்திலும் இதே வேகத்தை, இதே சோழிகளைக் கண்டு வியந்திருக்கிறார்.

உன் கேள்வியின் வேர் வாரன் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. இந்திய வானியல் கோட்பாடுகளில் ஒரு சொல்லும் புரியாத, ஆனால் நல்ல நினைவாற்றல் உள்ள ஒருவரைத் தாம் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாகவும், அந்த நினைவாற்றலால் அவர் தம் கணக்கை மனத்திலும் தரையிலும் தெளிவாக அடுக்கிக்கொண்டார் என்றும் வாரன் எழுதுகிறார். கோட்பாடு தெரிந்தவர் இடையிடையே விளக்கம் சொல்லி முறையைக் கலக்கிவிடக்கூடும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். எதுவாயினும் "ஒரு சொல்லும் புரியாதவர்" என்ற அந்த முத்திரை 200 ஆண்டுகளாக அவர் நெற்றியில் இருக்கிறது.

1952இல் பண்டைய வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கபவர் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் பலகைகளில் சந்திரக் கணக்குகளைப் படித்தவர் என்பதால், புதுச்சேரிக்காரரின் எண்களைக் கண்டதும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்திருக்க வேண்டும். அதே 248 நாள் சுற்று பாபிலோனியரிடமும், அதோடு 3031 நாள் சுற்றும் உரோமப் பேரரசுக் காலத்து எகிப்தியக் கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளிலும், ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் 'பஞ்சசித்தாந்திகை'யிலும் வருகின்றன. கணிப்பின் துல்லியத்தைவிட, அலெக்சாந்தருக்குப் பின் பாபிலோனை ஆண்ட செலூக்கியர் காலப் பலகைகளிலிருந்து 1825 வரை அறுபடாமல் வந்த மரபே தமக்கு முக்கியம் என்று நாய்கபவர் சொன்னார். மகத்தான கட்டுரை அது. நான் இத்துறைக்குள் வந்ததே அதனால்தான். ஆனாலும் இப்போது படிக்கையில் ஒன்று உறுத்துகிறது. வாரனுக்கு அந்த மனிதர் ஒரு நினைவுப் பெட்டி. நாய்கபவருக்கு அவர், பாபிலோனிலிருந்து ஓடிவந்த நீர் சொட்டும் குழாயின் கடைசி முனை. அவர் உட்கார்ந்து என்ன செய்தார் என்று இருவருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம், படிப்படியாகவே பதிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்கையே ஓர் அறிவாக இருக்கலாமோ என்று கேட்கவில்லை.

எண்களைப் பற்றி முதலில் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்திரன் தன் மந்தோச்சத்திலிருந்து, அதாவது மிக மெதுவாக நகரும் இடத்திலிருந்து, மறுபடி அங்கே வர ஏறத்தாழ 27.5546 நாள் ஆகிறது. இதைத் தொடர் பின்னமாக விரித்தால் 9 சுற்றுக்கு 248 நாள் என்பதும் 110 சுற்றுக்கு 3031 நாள் என்பதும் அடுத்தடுத்து, தாமாகவே வந்து நிற்கும். ஆரியபடர் காலத்திலிருந்து குட்டகம் என்ற வகுத்தல்-மிச்சக் கணக்கு முறை தெரிந்த எவரும் இவற்றை எட்டியிருக்க முடியும். ஆகவே இவ்விரு எண்களும் இரண்டு நாடுகளில் இருப்பது மட்டுமே கடன் வாங்கியதற்குச் சான்றாகாது; ஒரே வானம் இரு நாட்டாருக்கும் ஒரே விடையைச் சொல்லியிருக்கலாம். வானம் தராத எண்ணில்தான் மனிதனின் கைரேகையைத் தேட வேண்டும். புதுச்சேரிக்காரர் கணக்கில் அப்படி ஒன்று இருக்கிறது. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதிலிருந்து எடுத்தவுடன் 16,00,984ஐக் கழிக்கிறார். ஏன் இந்த எண்? அந்தக் கலிதினம் கி.பி. 1282இல் விழுகிறது. காஞ்சிபுரத்தை ஒட்டித் தோன்றியதாகக் கருதப்படும் 'வாக்கியகரணம்' என்ற கணித நூலும் அந்தக் காலத்தை ஒட்டியதே. தாம் 1282இலிருந்து எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் நாவில் அந்த ஆண்டு இருந்தது.

சென்ற மாதம் இதை மொட்டைமாடியில் நானே செய்து பார்த்தேன். 1825 மே 31க்குக் கலிதினம் 17,99,312. ஏழால் வகுத்தால் மிச்சம் 4. கலி பிறந்த வெள்ளியிலிருந்து எண்ணினால் செவ்வாய். அன்று செவ்வாய்க்கிழமையேதான். பஞ்சாங்கக்காரர்கள் இன்றும் இப்படித்தான் சரிபார்க்கிறார்கள். 16,00,984ஐக் கழித்தால் 1,98,328. அதில் 12,372 பதினாறு முறை போக மிச்சம் 376. இந்த 12,372 என்பது நான்கு 3031உம் ஒரு 248உம் சேர்ந்தது. 376இல் 3031 போகாது, 248 ஒரு முறை போகும், மிச்சம் 128. நாளை எந்த உதயத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று கூடலாம், குறையலாம். அந்த எண்ணுக்குரிய சந்திர வாக்கியத்தை, அதாவது அந்த நாளின் சந்திர நகர்வைச் சொற்களில் ஒளித்து வைத்த தொடரை, நினைவிலிருந்து எடுத்து, கழிந்த சுற்றுகளுக்குரிய துருவங்களை, அதாவது நிலையான நகர்வு அளவுகளை, கூட்டினால், உதயத்தில் சந்திரன் நிற்கும் இடம் கிடைக்கும்.

வரருசியின் பெயரால் வழங்கும் அந்த 248 வாக்கியங்களில் முதலாவது 'கீர் ந: ச்ரேய:' என்பது, 'வாக்கே நமக்கு நன்மை' என்று பொருள். கடபயாதி முறையில் எழுத்துகளை எண்களாக்கி வலமிருந்து இடமாகப் படித்தால் 1, 2, 0, 3. அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). இரண்டாவது 'தேநவ: ஸ்ரீ:', பசுக்களே செல்வம், 24 பாகை 9 கலை. முதல் நாள் சந்திரன் 12 பாகை 3 கலை நகர்ந்தது, இரண்டாம் நாள் 12 பாகை 6 கலை நகர்கிறது. மெல்ல வேகம் கூடுவது பசுக்களுக்குள்ளும் நன்மைக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. இதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் க வர்க்கத்தின் மூன்றாம் எழுத்துக்கும் முதல் எழுத்துக்கும் வேறுபாடு தெரியாமல், 3 கலை 1 கலையாகிவிடும். கிரந்த எழுத்தின் தேவை எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சோழி வைத்துச் செய்தபோது தெரிந்த வேறொன்று, தாளில் செய்திருந்தால் தெரிந்திருக்காது. தாளில் ஒவ்வொரு படியும் எஞ்சி நிற்கிறது. பிசகினால் திரும்பிப் பார்க்கலாம். சோழியிலோ வகுத்து முடிந்ததும் வகுபட்ட எண் மறைந்துவிடுகிறது. தரையில் இருப்பது மிச்சம் மட்டுமே. எந்தப் படியில் நிற்கிறோம், இந்தக் குவியல் எதைக் குறிக்கிறது, அடுத்து எதை எடுக்க வேண்டும் என்பதை மனம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். மூன்று முறை நான் வழி தவறினேன். கிளிப்பிள்ளை ஒப்பிக்கும், குவியலைப் பார்த்து அடுத்த படியைத் தேர்ந்தெடுக்காது. 376இல் 3031 போகாது என்று கண்டு அதை விட்டு 248க்குப் போவது ஒப்பிப்பில் சேராது. "மனத்திலும் தரையிலும்" என்று வாரன் அறியாமலே சரியாகச் சொன்னார். தத்துவவாதி கில்பர்ட் ரைல் 1949இல், செய்யத் தெரிவதை விதியாகத் தெரிவதற்குள் அடக்க முடியாது என்று வாதிட்டாரே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உன் வகுப்பில் எப்போதாவது கிடைத்திருக்கிறதா?

இங்கே நிறுத்தியிருந்தால் நான் என் ஊர்க்காரருக்கு வக்காலத்து வாங்கியவனாக மட்டும் இருந்திருப்பேன். கணிப்பின் முடிவையும் பார்க்க வேண்டும். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் அவர் கணக்குப் பிசகியது 4 நிமிடம். நடுவில் 23 நிமிடம். விடும்போது 52 நிமிடம். தொடக்கத்துப் பிழை ஒரு திசையிலும் மற்றவை எதிர்த் திசையிலும் இருப்பதால், கிரகணத்தின் கால அளவே 56 நிமிடம் தவறியிருக்கிறது. அப்படியானால் ராகுவின், அதாவது சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் புள்ளியின், இடத்தையோ பூமி நிழலின் அகலத்தையோ சந்தேகிக்க வேண்டும். ஆனால் அப்படிச் சந்தேகிக்க, வாக்கியம் எதிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு அது தெரியாது. வானம் தவறு என்று காட்டிய பிறகும் எந்தச் சோழியை மாற்றுவது என்று அவரால் சொல்ல முடியாது.

இதே மரபில் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் இது எனக்கு முக்கியம். கேரளத்துச் சங்கமகிராம மாதவர் அதே முதல் வாக்கியத்தைப் புதிதாகக் கணித்து, 'சீலம் ராஜ்ஞ: ச்ரியே' என்று 12 பாகை 2 கலை 35 விகலையாக்கினார். பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்து 1431இல் திருக்கணிதத்தை, அதாவது கண்ணால் கண்டதோடு ஒத்துவரும்படி திருத்திய கணக்கை, வகுத்தார். நீலகண்ட சோமயாஜி 'ஜ்யோதிர்மீமாம்சை'யில், முனிவர் சொன்ன எண்ணானாலும் கண்ட கிரகணத்தோடு ஒத்துவராவிட்டால் திருத்தத்தான் வேண்டும் என்று வாதிடுகிறார். வாக்கியகரணத்துக்கு உரை எழுதிய தமிழ்நாட்டுச் சுந்தரராஜர், மலைக்கு அந்தப்புறம் இருந்த அதே நீலகண்டரிடம் ஐயங்களைக் கேட்டுப் பதில் பெற்றிருக்கிறார். நீயும் நானும் இப்போது செய்வதைத்தான் ஐந்நூறு ஆண்டுக்கு முன் அவர்கள் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

எனவே உன் கேள்விக்கு என் பதில் இது: அறிவு, கிளிப்பேச்சு என்று இரண்டாக வெட்டாதே. ஒரு முறையைப் பிசகாமல் நடத்தத் தெரிவது ஓர் அறிவு. அது பிசகும்போது பழுது பார்க்கத் தெரிவது வேறோர் அறிவு. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்குப் பழுது பார்க்க எதுவும் எஞ்சியிருக்காது. புதுச்சேரிக்காரரிடம் முதலாவது முழுமையாக இருந்தது. "கோட்பாடு புரியாதவர்" என்று வாரன் எழுதியது இரண்டாவதன் இன்மையை. நாம் அதை இரண்டுமே இல்லை என்று படித்துவிட்டோம்.

இந்த வாதத்தை ஒரு கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். வரலாறு என்றால் தத்துவம் அதிகம், தத்துவம் என்றால் எண்கள் அதிகம் என்று திரும்பி வந்துவிட்டது. எண்களைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் 'பழுது பார்த்தல்' என்ற கருத்தை நான் சரியாக ஊன்றவில்லை என்று மதிப்பீட்டாளர் சொன்னது நியாயமே. மாதவரிடம் போகாமல், இன்று வாக்கியப் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரே திருக்கணிதத்தோடு முரண்படும்போது என்ன செய்கிறார் என்று பார்க்க விரும்புகிறேன். அப்படி ஒருவரிடம் அடுத்த வாரம் முதல் பாடம் கேட்கப் போகிறேன். தாளில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை.

ரைலின் நூலில் அந்த இரண்டாம் அத்தியாயத்தை நீ பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தது நினைவிருக்கிறது. அந்தப் படியையே அனுப்பு, புதியது வேண்டாம். நீ எங்கே மறுத்துக் குறிப்பெழுதியிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறவாதே.

அன்புடன்,
உன் கதிரேசன்