குட்டிக்கு அந்த டெஸ்ட் வேணாம்னு எழுதிக் குடுத்துடாத

கண்ணு, நேத்து போன்ல சண்ட மாதிரி ஆயிடுச்சி, தூக்கமே வர்ல, அதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா நீயே சரி பண்ணி படிச்சிக்கோ.

அமெரிக்கால உங்க இல்லினாய்ஸ்ல 2025 ஜூலைல போட்ட சட்டம், 2027-28ல இருந்து மூணாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷா வருஷம் பசங்க மனசு எப்படி இருக்குன்னு கேள்வி கேட்டு பாப்பாங்க, பெத்தவங்க வேணாம்னா விட்ருவாங்கன்னு நீதான சொன்ன. உடனே, நான் வேணாம்னு குடுத்துடுவேன், பையனுக்கு பைத்தியம்னு பேர் வந்துடும்ன்ற. அது இன்னா பேச்சு?

நீ நாலாவது படிக்கசொல்ல திங்கக்கிழமன்னா வயித்து வலி. ஞாபகம் இருக்கா, ஓமத்தண்ணிய வாயில ஊத்தி, ரிக்‌ஷாக்காரர் பெல் அடிச்சதும் தூக்கி உக்கார வெச்சு அனுப்பிடுவேன், நீ கம்பிய புடிச்சிகினு தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பி பாப்ப. கணக்கு டீச்சர் ஸ்கேல திருப்பி முட்டியில அடிச்சத நீ சொன்னதே உன் கல்யாணத்துக்கு முந்துன வாரம், அதுவும் சிரிச்சிகினே. அடிக்கக் கூடாதுன்னு 2003லயே இங்க ரூல் மாத்திட்டாங்க. பேப்பர்ல வந்துச்சி, உன் கிளாஸுக்குள்ள வர்ல. நானும் கேக்கல, அத சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.

அடுத்த வருஷம் கும்பகோணம் ஸ்கூல் தீ. 2004 ஜூலை 16, சமையக்கட்டுல புடிச்ச தீ கீத்துக்கு ஏறி 94 புள்ளைங்க போயிடுச்சி. அன்னிக்கி நானும் சத்துணவு அடுப்பாண்டதான் நின்னுகினு இருந்தேன், எங்களுதும் கீத்துக் கொட்டாய். கரண்டிய போட்டுட்டு தண்டையார்பேட்டைலருந்து உன் ஸ்கூலுக்கு ஓடியாந்தேன், நீ சாம்பார் நாத்தம்மான்னு மூஞ்ச திருப்பிகின. அதுக்கப்புறம்தான் ஊர் ஊரா ஸ்கூல்ல கீத்த பிரிச்சாங்க.

அங்க வருஷத்துக்கு ஒரு வாட்டியாவது துப்பாக்கிக்காரன் வந்தா எப்படி ஒளியறதுன்னு ஒத்திகை நடத்தணும்னு சட்டம் இருக்குல்ல, அதுக்கு நீ சரின்னுதான இருக்க. குட்டி வீடியோ கால்ல சொன்னான், லைட்ட அணைச்சிட்டு மூலையில உக்காந்தோம் ஆயா, என் ஷூல லைட் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிச்சி, ரெண்டு கையாலயும் மூடிகினேன்னு. ஏழு வயசு புள்ள. அதுக்கப்புறம் அவன் மனசு எப்படி இருக்குன்னு ஒருத்தர் கேட்டா அது தப்பா?

நீ கேக்கணும்னா வேற கேளு. பதில் சொன்ன பையன்கிட்ட யார் வந்து பேசுவாங்க, எத்தன நாள்ல, அந்த பேப்பர் யார் கையில இருக்கும். இங்க ஸ்கூல் செவுத்துல, புள்ளைங்க உதவி கேட்டு போன் பண்ற நம்பர் 1098, 14417னு கலர் கலரா எழுதி வெச்சிருக்காங்க, நல்லதுதான், ஆனா கையில போன் இல்லாத புள்ள எங்க போய் அடிக்கும் சொல்லு. கேட்டுட்டு சும்மா விட்டாங்கன்னா அப்போ சண்ட போடு, நானும் வரேன்.

இன்னொண்ணு, மனசு சரியில்லன்னா 5 நாள் லீவு போடலாம், டாக்டர் சீட்டு கூட வேணாம்னு உங்க ஊர்ல 2022லருந்து இருக்காமே. திங்கக்கிழம வயித்து வலின்னா ஓமத்தண்ணி குடு, ஆனா அன்னிக்கி ஸ்கூலுக்கு அனுப்பாத.

நெத்திலிக் கருவாடு கட்டி வெச்சிருக்கேன், மாப்ள ஃப்ரெண்டு வந்தா குடுத்தனுப்பறேன். அப்புறம், குட்டிக்கு புது ஷூ வாங்கப் போறேன்னு சொன்னல்ல, லைட் இல்லாததா வேணும்னு கேட்டானாமே. ஏன்னு கேட்டியா?

அம்மா