இன்ஜின் ரூம்ல நிக்கிறவனுக்கும் சேத்து யோசிங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் திருமங்கலம் பக்கத்து ஊரு, சரக்குக் கப்பல்ல 17 வருஷம் மோட்டார்மேனா, அதான் இன்ஜினைப் பாத்துக்குற தொழிலாளியா, இன்ஜின் ரூம்லயே கெடந்துட்டு ஊரு வந்து சேந்தவன். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துல 2025 செப்டம்பர்ல பசுமை ஹைட்ரஜன் பிளான்ட் தொறந்தாங்க, கப்பலுக்கு பசுமை மெத்தனால்ங்குற ஆல்கஹால் வகை எரிபொருளை நிரப்புறதுக்கு 750 கன மீட்டர்ல ஒரு வசதிக்கும் அடிக்கல் நாட்டிட்டாங்க, கேட்டதும் மனசுக்கு அம்புட்டு சந்தோசம். கப்பல் இன்ஜினுக்கு ஊத்துற பழைய பங்கர் ஆயிலோட மாரடிச்சவனுக்குத்தான் அது புரியும். ஆறுனா தார் மாதிரி கெட்டியாயிரும், நூறு டிகிரிக்கு மேல சூடு ஏத்துனாத்தான் இன்ஜினுக்குள்ள போகும், ஆயிலைச் சுத்தம் பண்ற பியூரிஃபயர் மெஷினைப் பிரிச்சுக் கழுவுன கருப்பு நகக்கண்ணுல ஏறிருச்சுன்னா லீவுக்கு வீட்டுக்கு வந்து சோறு பெசையும்போதும் அப்படியேதான் இருக்கும்.

கப்பல் விடுற கார்பன் புகையை 2050 வாக்குல நிகரக் கணக்குல பூஜ்யமாக்கணும்னு ஐ.எம்.ஓ.ங்குற ஐ.நா.வோட கப்பல் அமைப்பு 2023ல முடிவு பண்ணுச்சு, அதே வருசம் மெர்ஸ்க்ங்குற டென்மார்க் கப்பல் கம்பெனி மெத்தனால்ல ஓடுற மொத கன்டெய்னர் கப்பலை எறக்குச்சு, சில கம்பெனி எல்.என்.ஜி.ங்குறாங்க, அதாவது குளிர வச்சு திரவமாக்குன இயற்கை எரிவாயு, சிலர் அம்மோனியாங்குறாங்க. முக்காவாசி ரெண்டு எரிபொருள்லயும் ஓடுற டூயல் ஃபியூல் இன்ஜின்தான், வெல கட்டலைன்னா பழையபடி ஆயிலுக்கே மாத்திக்கலாம்ல. கப்பல் விடுற கார்பனுக்குக் காசு கட்ட வைக்கிற விதி மேல எடுக்க வேண்டிய முடிவையும் ஐ.எம்.ஓ.ல 2025 அக்டோபர்ல ஒரு வருசம் தள்ளிப் போட்டுட்டாங்க.

இதுல கீழ நின்னு வேலை பாக்குறவனைப் பத்தி யாரும் பேசுறதைக் காணோம். மெத்தனால் தீப்பிடிச்சா பகல் வெளிச்சத்துல சுவாலை கண்ணுக்கே தெரியாது, புகையும் பெருசா வராது, எந்தப் பக்கம் எரியுதுன்னு தெரியாம கையை நீட்டிருவான். அம்மோனியால கார்பன் இல்லதான், ஆனா அது விஷம்ங்க, பைப் ஜாயின்ட்ல லேசா கசிஞ்சாலே கண்ணு எரியும், நெறைய போச்சுன்னா நுரையீரலே வெந்துரும். கார்பனைக் கொறைக்கத்தான் வேணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, ஆனா அதுக்கு எங்க பயலுக உசுரு போகக்கூடாது.

எங்க அக்கா மகன் இந்த மாதிரி கப்பலுக்குத்தான் போறான். அதுக்குத் தனி கோர்ஸ் முடிச்சாகணும், கம்பெனி ஒத்த ரூபா தரல, அக்கா சங்கிலியை அடகு வச்சுத்தான் ஃபீஸ் கட்டுச்சு. கோடிக் கணக்குல கப்பல் ஆர்டர் குடுக்குறவங்களுக்கு இந்தக் காசு ஒரு காசா? கோர்ஸ் செலவைக் கம்பெனிதான் ஏத்துக்கணும்னு அரசாங்கம் உத்தரவு போடணும், தூத்துக்குடில மெத்தனால் டேங்க் கட்டும்போதே பக்கத்துல நெசமா தீ வச்சு அணைச்சுப் பழகுறதுக்கு ஒரு எடமும் கட்டணும், மதுரை ராமநாதபுரம் பக்கத்துப் பயலுக காலைல பஸ் ஏறிப் போயி கத்துக்கிட்டு ராத்திரி வீடு திரும்பிரலாம். இதை உங்க பேப்பர்ல எழுதுங்கய்யா.

இப்படிக்கு,
முன்னாள் மோட்டார்மேன்,
திருமங்கலம்.