மலைப்பாதையைப் பேண மிதிவண்டி ஓட்டுநர்களை அழையுங்கள்

ஆசிரியருக்கு,

மழையில் சிதைந்த மலைப்பாதைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதிப்பது பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். ஈரமண்ணில் சக்கரம் பதித்த தடம் சிறு வாய்க்காலாகி, அடுத்த மழையின் நீரைத் தன்வழியே இழுத்துச் சென்று பாதையை அரிப்பது உண்மைதான். ஆகவே, அதில் ஓட்டி மகிழும் நாங்களே அதைப் பேணவும் கடமைப்பட்டவர்கள். 1988-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கமும் தன்னார்வப் பராமரிப்பை ஊக்குவித்து வருகிறது.

சென்ற மழைக்காலத்துக்கு முன், உரிய அனுமதியுடன், நண்பர்கள் மூவரும் நானும் சருகுகளால் அடைபட்டிருந்த வடிகால்களை மண்வெட்டியால் திறந்துவிட்டோம். ஒரு காலைப்பொழுதுதான் ஆனது, அந்தப் பகுதியில் மண் பெரிதாக அரிக்கப்படவில்லை. பாதையை நிர்வகிப்போர் தடை விதிப்பதற்குப் பதிலாக, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் தலா ஒரு நாளைப் பராமரிப்புக்கென அறிவித்து, கருவிகளையும் அனுபவமுள்ள ஒரு வழிகாட்டியையும் தந்து எங்களை அழைக்க வேண்டும்.

— மலை மிதிவண்டி ஓட்டும் வாசகர்