ஹாஸ்டல் போர்டுல இன்னொரு வரியச் சேருங்க

காலேஜ் நடத்தறவங்களுக்கும் ஹாஸ்டல் வார்டன்களுக்கும் வணக்கமுங்க,

நான் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வெச்சிருக்கறவன், டாக்டர் எல்லாம் இல்லீங்க. எங்கக்கா பையன் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறான். போன வருஷம் ஒரு நா பொழுதோட ஸ்டாம்ப்புங்கறாங்களே, எல்எஸ்டிங்கற போதை மருந்து தடவுன காயிதத் துண்டு, அத நாக்குல வெச்சிருக்கறான், ஒரு மணி நேரத்துல செவுரு மூச்சு விடுது ஃபேன் கூப்புடுதுன்னு ஆரம்பிச்சு அப்பறம் எல்லாரும் கொல்ல வராங்கன்னு மூணாவது மாடி ஜன்னலுக்கு ஓடிட்டான். கூட இருந்த பசங்க அமுக்கிப் புடிச்சு விடிய விடிய ரூமைப் பூட்டிட்டு உக்காந்திருக்காங்க. வார்டன கூப்புடல. கீழ போர்டுல "போதைப்பொருள் பயன்படுத்தினால் உடனடி டிசி"ன்னு எழுதிருக்குதே, அதான்.

அதுக்கப்பறம் நானா தேடித்தேடிப் படிச்சனுங்க. மூளைல சேதி கொண்டு போற செரட்டோனின்ங்கற சரக்கு உக்கார்ற எடத்துல இந்த எல்எஸ்டி போயி உக்காந்துக்குது, எங்கூரு பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால்ல ஷட்டர் ஒடஞ்சா தண்ணி எந்தக் காட்டுக்குன்னு இல்லாம பாயுமே, அப்புடித்தான் கண்ணு காது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போகுது. எட்டுல இருந்து பன்னண்டு மணி நேரம் எறங்காது. கண்ணுப் பாப்பா விரியும், நெஞ்சு படபடங்கும், பிரஷர் ஏறும். கண்டுபுடிச்ச சுவிட்சர்லாந்துக்காரரு ஆல்பர்ட் ஹாஃப்மனே 1943ல 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராம்ல நாலாயிரத்துல ஒரு பங்கு, கம்மின்னு நெனச்சுக் குடிச்சுட்டு, பால் கொண்டாந்த பக்கத்து வீட்டம்மா சூனியக்காரியாத் தெரிஞ்சாங்கன்னு எழுதி வெச்சிருக்காரு. அவருக்கே அந்தக் கதின்னா எங்க பையன் எம்மாத்திரம்.

சிலருக்கு மாசக்கணக்குல கண்ணுல வெளிச்சக் கோடு ஓடிட்டே இருக்குமாமா. எங்களுக்கு அது வரல, சாமி புண்ணியம்.

ஆனா ஸ்டாம்ப்புன்னு விக்கறது எல்லாமே எல்எஸ்டி இல்லீங்க, என்பாம்னு வேற கெமிக்கல தடவி விக்கறாங்க, அதுல ஃபிட்ஸ் வந்து உசுரே போயிருக்குது. ஊமத்தங்காயத் திங்கறவனும் இருக்கறான், அது இன்னொரு கூத்து, வாய் காஞ்சு, ஒடம்பு அனலாக் கொதிச்சு, ஒண்ணுக்கே வராம, நெனவில்லாம அலைவான். வீட்ல காத்துக்கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. எதத் தின்னான்னு தெரிஞ்சாத்தான் டாக்டருக்கு வேலை சுளுவு, பசங்க டிசிக்குப் பயந்து "ஒண்ணும் இல்லீங்க சார், காய்ச்சல்"ங்கறாங்க.

நீங்க வருஷத்துக்கொருக்கா நடத்தற விழிப்புணர்வுக் கூட்டத்துல கஞ்சா, மாத்திரை, ஸ்டாம்ப்பு எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி "தொட்டாச் சாவு"ன்னு சொல்றீங்க. ஒருக்கா தொட்டுட்டுச் சாகாத பையன் அதுக்கப்பறம் நீங்க சொல்றது எதையும் நம்ப மாட்டானுங்க.

1985 போதைப்பொருள் சட்டத்துலயே, அடிமையானவங்க தானா வந்து வைத்தியம் பாத்துக்கிட்டா வழக்குல இருந்து வெலக்குன்னு 64ஏ பிரிவு இருக்குது. அரசாங்கமே அவ்வளவு எறங்கி வருது. விக்கறவன விடச் சொல்லலீங்க, அவனப் புடிச்சுக் குடுங்க. போர்டுல இருக்கற அந்த டிசி வரிக்குக் கீழ "கூட இருக்கறவனுக்கு ஒடம்பு சரியில்லன்னா எந்நேரமும் வார்டன எழுப்புங்க, 108க்குப் போடுங்க, கூப்புட்டவனுக்கும் படுத்தவனுக்கும் டிசி கெடையாது"ன்னு பெருசா எழுதிப் போடுங்க, 14446ங்கற போதை மீட்பு நம்பரையும் சேத்து.

பெயிண்ட்டர் கூலி நான் குடுத்தர்றனுங்க.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்