மாப்ளைக்கு, லாட் நம்பர் பத்தி

டேய் மாப்ள,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆச்சு, உடனே பதில் போடாததுக்கு கோவிச்சுக்காத. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வாக்கர் புடிச்சு வாசல் வரைக்கும் நடக்கறாங்கன்னு படிச்சப்பதான் நிம்மதியாச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம், பொண்ணு பன்னெண்டாவதுக்கு வந்துட்டா, வீட்ல தமிழ்ல பேசினா ஜெர்மன்ல பதில் சொல்றா, அவங்கம்மாவும் விடறதில்ல.

நீ மறுபடியும் ரைஃபிள் எடுத்துட்டேன்னு எழுதியிருந்தியே, அத நான் ரெண்டு தடவை படிச்சேன்டா. என்சிசி கேம்ப்ல அந்த பழைய .22 டீலக்ஸ் ரைஃபிள குடுத்து 25 கஜத்துல அஞ்சே அஞ்சு ரவுண்ட் தோட்டா சுட விட்டாங்களே, உன் அஞ்சும் ஒரு எட்டணா காசுக்குள்ள வந்துச்சு, ஹவில்தார் சார் அந்த பேப்பர கையில வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் காட்டினாரு. முப்பது வருஷம் கழிச்சு நீ 50 மீட்டர் ப்ரோன்ல, அதான் குப்புறப் படுத்து சுடற பிரிவுல, எறங்கியிருக்கேன்னு நெனச்சாலே சந்தோஷமா இருக்கு.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். எந்த பிராண்ட் தோட்டா பெஸ்ட், தோட்டாவோட ரிம்ம, அதான் அடி விளிம்ப, அளக்குற கேஜ் வாங்கலாமா, குண்டு மேல இருக்குற மெழுக துடைச்சுட்டு வேற மெழுகு போட்டா குரூப், அதான் ஓட்டையெல்லாம் சேர்ந்து விழற வட்டம், சின்னதாகுமா, இதானே கேள்வி. இது எல்லாத்தையும் நான் பண்ணிப் பாத்து ரெண்டு சீசன் போச்சு, உனக்கு அப்படி போகக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல கணக்கு. 50 மீட்டர் டார்கெட்ல பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர், குண்டு 5.6. கோட்ட தொட்டாலே பத்து குடுக்கறாங்க, அதனால மொத்த குரூப்பும் வெளி விளிம்புல இருந்து வெளி விளிம்பு வரைக்கும் 21.6 மில்லிமீட்டருக்குள்ள இருந்தாதான் எல்லாம் பத்து ஆக முடியும், அதுவும் குரூப் நட்ட நடுவுல உக்காந்திருந்தா. இப்ப ரைஃபிள கிடுக்கியில இறுக்கி வெச்சு சுட்டாலே ஒரு லாட், அதான் ஃபேக்டரியில ஒரே தொகுதியா செஞ்ச தோட்டா, 27 மில்லிமீட்டர் குரூப் போடுதுன்னு வெச்சுக்க, நீ மூச்சே விடாம கல்லு மாதிரி படுத்திருந்தாலும் ஒம்போது விழத்தான் செய்யும். அந்த ஒம்போதுக்கு நீ உன் தோள்பட்டையத்தான் திட்டிட்டு இருப்ப. நான் அப்படித்தான்டா இருந்தேன், ஸ்லிங்க மாத்தினேன், கன்னக்கட்டைய மாத்தினேன், கண்ணாடி பவர மாத்தினேன், கடைசில இந்த விளையாட்டுக்கு எனக்கு வயசாயிடுச்சுன்னு கூட நெனச்சேன்.

நீ எழுதியிருந்தியே, பக்கவாட்டுல சரியா இருக்கு, மேலயும் கீழயும்தான் அடிக்குதுன்னு. அது பெரும்பாலும் வேகத்தோட வித்தியாசம். மேட்ச் ரவுண்ட் செகண்டுக்கு 330 மீட்டர் பக்கத்துல கெளம்புது, 50 மீட்டர் போய்ச் சேர கிட்டத்தட்ட 0.16 செகண்ட் ஆகுது, அந்த நேரத்துல சுமார் 12 சென்டிமீட்டர் கீழ எறங்குது. ஒரு ரவுண்ட் 10 மீட்டர் வேகம் கம்மியா கெளம்பினா இன்னொரு 7 மில்லிமீட்டர் கீழ போயிடும். பத்து வளையமே 10.4 தான்னு சொன்னேன்ல, அதுக்கு பக்கத்துல இந்த 7 எவ்ளோ பெருசுன்னு பாரு. இந்த வேக வித்தியாசத்துக்கு பெரிய காரணமே ரிம்ஃபயர்ங்கற அமைப்புதான். பெரிய ரைஃபிள் தோட்டாவுல பவுடர பத்த வைக்கற ப்ரைமர் தனியா நடு அடியில உக்காந்திருக்கும், நம்மளுதுல வெடிமருந்து பேஸ்ட்ட அடி விளிம்புக்குள்ள சுத்தி பரவ விடறாங்க, அது ஒரு பக்கம் கொஞ்சம் கம்மியா போச்சுன்னா, ஃபயரிங் பின் அங்க அடிச்சா பத்தறது மாறும். அத வெளிய இருந்து எந்த கேஜ வெச்சும் பாக்க முடியாது மாப்ள. எடை போட்டும் தெரியாது, ஏன்னா முழு ரவுண்ட் மூணு கிராமுக்கு மேல, உள்ள இருக்குற பவுடர் ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு அளவுதான், நீ தராசுல பாக்குற வித்தியாசம் பித்தளையோடதா ஈயத்தோடதான்னு யாருக்கு தெரியும்.

ரிம் கேஜ் கேட்டியே, நான் வாங்கினேன். விலை கம்மியான பிராக்டிஸ் ரவுண்ட் இருநூறு பிரிச்சு வெச்சு சுட்டேன், தூக்கிப் போட வேண்டிய சிலது கெடச்சுச்சு, தூரமா போற ஷாட் கொஞ்சம் கொறஞ்சுது. மேட்ச் ரவுண்ட்ல பிரிச்சேன், ஒரு பிரயோஜனமும் இல்ல, ஃபேக்டரியிலயே எல்லாம் ஒரே அளவாதான் வருது. மெழுகு விஷயம் மட்டும் வேண்டவே வேண்டாம். துடைச்சு வேற போட்டேன், பேரலுக்கு அது பழகவே முப்பது ரவுண்ட் ஆச்சு, அப்புறமும் குரூப் பெருசாதான் போச்சு. குண்டோட மூக்க நசுக்கி ஷேப் மாத்தற டூல்லாம் இருக்கு, கிட்டயே போகாத, ரவுண்ட பிரிச்சு பவுடர மாத்தறதெல்லாம் கேக்கவே கேக்காத, விளிம்புல இருக்கறது அடி பட்டா வெடிக்கற சாமான்.

அப்ப என்னதான் பண்றதுன்னா, லாட். ஒரே பிராண்ட், ஒரே பெட்டி, ஒரே விலை, ஆனா பெட்டி மேல இருக்குற லாட் நம்பர் மாறினா உன் பேரலுக்கு அது வேற ரவுண்ட். போன நவம்பர்ல நான் ஷோனெபெக் போயிட்டு வந்தேன், மாக்டெபுர்க்ல இருந்து கொஞ்ச தூரம்தான், எல்ப ஆத்தங்கரை ஊரு, லப்புவாங்கற தோட்டா கம்பெனியோட ரிம்ஃபயர் ஃபேக்டரியும் டெஸ்ட் சென்டரும் அங்கதான். ரைஃபிள ஸ்டாக்ல, அதான் தோள்ல வெக்கற கட்டையில, இருந்து கழட்டி பேரல கிடுக்கியில மாட்டி ஒவ்வொரு லாட்டா சுடறாங்க, 50லயும் 100லயும் எங்க போச்சுன்னு ஸ்க்ரீன்ல வருது. பன்னெண்டு லாட் சுட்டோம், பத்து பத்து ரவுண்ட். அங்க சென்டர்-எக்ஸ், மைடாஸ் ப்ளஸ், எக்ஸ்-ஆக்ட்னு மூணு கிரேடு இருக்கு, மூணுமே 2.59 கிராம் குண்டு, 327 மீட்டர் வேகம்தான் போட்டிருக்கு. என் பேரலுக்கு விலை ஒசந்த ஒரு லாட் 23 மில்லிமீட்டர் போட்டுச்சு, நடு விலையில ஒண்ணு 15. மறுபடியும் அந்த ரெண்டையும் சுடச் சொன்னேன், அதே கதைதான். 21.6ல இருந்து 15 போனா மிச்சம் 6.6 மில்லிமீட்டர், அதுதான்டா என் கைக்கும் மூச்சுக்கும் காத்துக்கும் கெடைக்கற எடம். அந்த லாட்ட ஒரு வருஷத்துக்கு ஆகற அளவு வாங்கிட்டு வந்துட்டேன், அன்னைக்கு கார் ஓட்டிட்டு வர்றப்ப கண்ணு கலங்கிடுச்சு, ரெண்டு வருஷம் என் உடம்ப நானே குத்தம் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

உனக்கு அங்க இந்த வசதி இல்ல, ரவுண்ட் கெடைக்கறதே பாடு, கோட்டாவும் இருக்கு, புரியுது. ஆனா கிளப்ல வந்திருக்குற பெட்டிய எடுத்து லாட் நம்பர் என்னென்ன இருக்குன்னு பாரு, ரெண்டு மூணு இருந்தாலே போதும். காத்து அடங்கியிருக்கிற காலைல ஆறு மணிக்கு ரைஃபிள ரெஸ்ட்ல, அதான் தாங்கியில, வெச்சு சுடு. லாட் மாத்தினதும் மொத பத்து பதினஞ்சு ரவுண்ட எண்ணாத, பழைய மெழுகு போய் புதுசு பேரல்ல படியட்டும். அஞ்சு ஷாட் குரூப்ப நம்பி முடிவு எடுக்காத, இது ரொம்ப முக்கியம். நான் ஒருக்கா அஞ்சு ஷாட்ல சின்ன ஓட்டை ஒண்ணு பாத்துட்டு அந்த லாட்ல ரெண்டாயிரம் வாங்கினேன், அது வெறும் அதிர்ஷ்டம், அடுத்த நாப்பது ஷாட்ல நெஜம் தெரிஞ்சுது. லாட்டுக்கு பத்து பத்தா நாலு குரூப்பாவது போடு, எந்த குரூப் சின்னதுன்னு பாக்காத, எந்த லாட்ல மோசமான குரூப்பும் சுமாரா இருக்குன்னு பாரு.

ஹை வெலாசிட்டி ரவுண்ட் காத்துக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்கன்னு எழுதியிருந்த. தப்புடா. அது 380 மீட்டர் பக்கம் கெளம்பி ஒலி வேகத்துக்கு மேல போகுது, அந்த எல்லை கிட்ட காத்தோட இழுவை ரொம்ப ஜாஸ்தி, வேகம் சடசடன்னு கொறையுது, அதனால பக்கத்து காத்துல மெதுவா போற ரவுண்ட விட அதுதான் அதிகமா தள்ளிப் போகும், எல்லைய தாண்டி எறங்கறப்ப ஆட்டமும் உண்டு. கோயமுத்தூர் வெயில் ஒரு விதத்துல நமக்கு நல்லது, 36 டிகிரில ஒலி வேகம் 353 பக்கம், உன் 327 ரவுண்டுக்கும் அதுக்கும் நல்ல இடைவெளி இருக்கு. எனக்கு இங்க ஜனவரில ஜீரோ டிகிரி, ஒலி வேகம் 331தான், ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆனா வெயில்ல வேற தொல்லை. பெட்டிய கார்ல விடாத, மெழுகு எளகிடும். சேம்பர்ல, அதான் பேரலோட பின்னாடி தோட்டா உக்கார்ற எடத்துல, ரவுண்ட போட்டுட்டு காத்துக்காக ரெண்டு நிமிஷம் காத்திருந்தா சூடான பேரல்ல அது வெந்து மேல போகும், அப்படி ஆச்சுன்னா வெளிய எடுத்துட்டு புதுசு போடு.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம், உன் ரைஃபிள் பழசுங்கறதால சொல்றேன். ஃபயரிங் பின் ஸ்ப்ரிங் எத்தனை வருஷமா இருக்குன்னு கேட்டுப் பாரு, தளர்ந்து போனா அடி வலு கொறஞ்சு இதே மாதிரி மேல கீழதான் விரியும், மாத்த பெரிய செலவில்ல. அப்புறம் சேம்பருக்கு முன்னாடி கரி ஒரு வளையமா படியும், அத பின்பக்கமா இருந்து கைடு போட்டு சுத்தம் பண்ணு, முன்வாய் பக்கமா ராடு விடாத, அந்த விளிம்பு கீறினா எந்த லாட்டும் உதவாது.

2012 லண்டன்ல நம்ம ஜாய்தீப் கர்மாகர் இதே 50 மீட்டர் ப்ரோன்ல நாலாவதா வந்தாரே, வெங்கலத்துக்கு 1.9 பாயின்ட் தான் கம்மி. நாம ரெண்டு பேரும் அன்னைக்கு போன்ல பேசிக்கவே இல்ல, ரெண்டு பக்கமும் அமைதி. ப்ரோன ஒலிம்பிக்ஸ்ல இருந்தே எடுத்துட்டாங்க இப்ப, எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகல. 2024ல பாரிஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூணு பொசிஷன்ல (முட்டி போட்டு, படுத்து, நின்னு சுடறது) வெங்கலம் எடுத்தப்ப நீ ராத்திரி பூரா தூங்கலைன்னு எழுதியிருந்த, இங்க நான் ஆபீஸ்ல எழுந்து நின்னு கை தட்டினேன்.

ஜனவரி கடைசில ஊருக்கு வர்றேன், மூணு வாரம். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல எனக்காக ஒதுக்கி வை, நீ படு, நான் பின்னாடி ஸ்கோப் வெச்சு உக்காந்து ஷாட் சொல்றேன். அதுக்குள்ள நாப்பது ஷாட் டார்கெட்ட எல்லாம் லாட் நம்பர் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவ கேட்டேன்னு சொல்லு, அந்த கொள்ளு ரசம் இன்னும் நாக்குல இருக்குன்னு சொல்லு.

இங்க கிளப்ல ரேஞ்சுக்கு போறவன பாத்து ஜெர்மன்ல "கூட் ஷுஸ்"னு சொல்லுவாங்க, நல்லா சுடுன்னு அர்த்தம்.

கூட் ஷுஸ் மாப்ள.

உன் பழைய ரூம்மேட்