ஜெம் கிளிப்

அன்புள்ள சரவணா,

ஹன்ட்ஸ்வில் மியூசியத்தில், மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் ராக்கெட்டுக்குக் கீழே நின்று நீ எடுத்த படத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். எனக்கு அந்த ராக்கெட்டைச் செய்த ஜெர்மன் விஞ்ஞானி ஃபான் பிரவுனின் ஞாபகம்தான் வந்தது. உங்கள் ஊர் அரங்கத்துக்கே அவர் பெயர்தானாமே.

முப்பத்தொரு வருஷம் ஃபைல் கட்டியவன் நான். ராக்கெட்டைவிட அவருடைய ஃபைல்தான் எனக்குச் சுவாரசியம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் விஞ்ஞானிகளை அமெரிக்கா அள்ளிக்கொண்டது. வேண்டிய ஆளின் ஃபைலில் ஒரு ஜெம் கிளிப் மாட்டுவார்களாம், திட்டத்துக்கும் 'பேப்பர்கிளிப்' என்று அதுவே பெயராகிவிட்டது. நாஜிக் கட்சியில் பேருக்கு இருந்தவர்கள் வரலாம், தீவிரமாக இருந்தவர்கள் கூடாது என்று 1946-ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் நிபந்தனை போட்டார். பிரவுனோ நாஜிகளின் எஸ்.எஸ். படையில் மேஜருக்குச் சமமான பதவியில் இருந்தவர். 1945-லேயே டெக்சாஸுக்குக் கொண்டுவந்தாயிற்று, இனித் திருப்பி அனுப்ப மனம் வருமா? அவரைப் பற்றிய அறிக்கையைத் திருத்தினார்கள். பாதுகாப்புக்கு ஆபத்தாகலாம் என்றிருந்தது, ஆபத்தாக இல்லாமலும் போகலாம் என்று ஆனது. மேலிடத்திலிருந்து ஃபோன் வந்தால் நோட் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். நானே ஒருமுறை அப்படி மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

சரி, அந்த ஃபைலில் மறைந்தது என்ன? ஜெர்மனியில் நார்ட்ஹவுசன் பக்கம் மலைக்குள் சுரங்கத்தில், போரில் குண்டு போட்ட வி-2 ராக்கெட்டுகளைச் செய்தவர்கள் டோரா என்ற நாஜி வதைமுகாமின் கைதிகள். அந்த முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் வந்த சுமார் 60,000 பேரில் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனார்கள். லண்டனிலும் ஆன்ட்வெர்ப்பிலும் அந்த ராக்கெட் விழுந்து செத்தவர்கள்கூட இவ்வளவு பேர் இல்லை. அங்கே உற்பத்தியைக் கவனித்த ஆர்தர் ருடால்ஃப்தான் பிற்பாடு, உன் தலைக்கு மேலே தொங்குகிறதே, அந்த சாட்டர்ன் 5 திட்டத்துக்கு மேலாளர். பழைய தாள்களைத் தூசி தட்டி விசாரித்ததும், 1984-ல் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து ஜெர்மனிக்குப் போய்விட்டார். பிரவுன் 1977-லேயே இறந்துவிட்டார், வழக்கு எதுவும் பார்க்காமல்.

உன் படத்தைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை, ஹாலில்தான் மாட்டியிருக்கிறேன். அடுத்த முறை போனால், டோரா என்று எங்காவது ஒரு பலகை இருக்கிறதா பார். இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா