வேதாரண்யம் வரை நடந்த பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தவர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனது நாமக்கல் கவிஞரின் ‘கத்தியின்றி ரத்தமின்றி’. அந்த யாத்திரைக்கென்றே எழுதிய பாட்டு. அதுவரை பெரும்பாலும் படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காங்கிரஸ் அரசியல், களத்துமேட்டில் நின்றவருக்கும் தன் சங்கதியாகப் பட்டதற்கு இப்படிப்பட்ட எளிய தமிழ்தான் பெரிய காரணம் என்பேன். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டிப் பார்த்தார். சனங்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். (டெல்டாக்காரர்களிடம் போய் சோறு போடாதே என்றால் நடக்குமா!)

சரி, இன்று? எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் சுதந்திர தின விழா முழுக்க இங்கிலீஷிலும் இந்தியிலுமே நடந்தது. அந்த மொழிகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பின்வரிசைப் பிள்ளைகள் பாட்டு புரியாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என யாத்திரை கடந்துபோன ஊர்ப் பள்ளிகளிலாவது ஆகஸ்ட் 15 அன்று இந்தப் பாட்டைப் பாடச் சொல்லி கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். மெட்டுக்கு யூடியூபே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி